பதினொரு கதிர்

பூவா தலையா என்று கேட்டால்
இந்தக் காசில் பூ இல்லை.
ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை.
மறு பக்கம் பாலம், மூன்று பாராசூட்டு,
பாலத்து முனையில் ஒரு கம்பம்,
கம்பத்தில் அரிசியளவு விளக்கு,
விளக்கைச் சுற்றிப் பதினொரு கதிர்.
பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை எண்ணினேன்.

ராத்திரி கதவைத் தட்டிக் கொண்டுவந்தவன்
ஊருக்குக் கோ மின் தேன், வீட்டில் தணிகாசலம்.
பியூ ஸ்டேஷனுக்கு எதிரே என் கடிகாரக் கடை;
பழைய காசும் வாங்குவேன்,
ஜப்பான்காரன் நோட்டைக் கிலோக் கணக்கில் பார்த்தவன்.
"சுத்த வெள்ளி அண்ணே, சர்டிபிகேட் இருக்கு."
நீல வெல்வெட் டப்பா, சீமை அச்சு,
வரிசை எண் நானூற்றுப் பதினேழு.
எதற்கு விற்கிறாய் என்று நான் கேட்கவில்லை.
வார்டு ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது.
மியாவடிப் பக்கம் போகிற பஸ் நாலரை மணிக்கு.

சர்டிபிகேட் சொன்னது: நாரை நடவடிக்கை,
வானிலிருந்து இறங்கிய ஒன்பது வீரர்கள்,
உள்ளூர் ஒத்துழைப்புடன்.

உள்ளூர் ஒத்துழைப்பின் பெயர் பவுனாயி.
இவன் அப்பாவுக்கு அத்தை.
குண்டு விழுந்து பாதி போன பாலத்துக்குத்
தேக்குக் கட்டையில் முட்டுக் கொடுத்திருந்தது.
மெல்ல வா, பாலம் வருகிறது:
அவ்வளவுதான் அந்த விளக்கின் பாஷை.
புருஷன் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாததால்
அரைப்படி அரிசிக்கு அவள்தான் ஏற்றிவந்தாள்.

பங்குனி கடைசி, அமாவாசை.
விடிந்தால் வருஷப் பிறப்பு.
இறங்கியவர்களும் கரேன் ஆட்களும்
மரையைக் கழற்றிவிட்டுப் புதரில் படுத்திருக்க
வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் செய்தது
ஒரே ஒரு ஊதல்.
அடுப்பை ஊதிய வாய்தான்.

எத்தனை பெட்டி ஆற்றில் விழுந்தது என்பதில்
சர்டிபிகேட்டுக்கும் ஊருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.
மூட்டை தூக்கப் பிடித்துப்போன நம் ஆட்கள்
கடைசிப் பெட்டியில் இருந்ததை
இரண்டு கணக்கும் சேர்க்கவில்லை.

காலையில் துபாஷி வைத்து விசாரித்தார்கள்.
விளக்கு ஏன் அணைந்தது?
"லே" என்றாள். பர்மியச் சொல். காற்று.
அறைந்துவிட்டுக் கேட்டார்கள்.
லே.
ஸ்டேஷன் தூணில் கட்டி மூன்று நாள் கேட்டார்கள்.
லே.
நாலாம் நாள் கேட்க ஆளில்லை,
அவர்களே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் இதைப் பேசியதே இல்லையாம்.
வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு
ஆற்றில் பூ விடப் போவாள்;
எத்தனை பூ என்று யாரையும் எண்ண விடமாட்டாள்.

செதுக்கியவன்மேல் குற்றமில்லை.
அணைந்த விளக்கை அவன் எப்படிக் காட்டுவான்?
வெள்ளிக்கு மினுங்கத்தான் தெரியும்.

நாலு லட்சம் கியாத் பேசினோம்.
சில்லறை இல்லை என்று பொய் சொல்லி
இன்னொரு கட்டையும் சேர்த்துக் கொடுத்தேன்.
அவன் எண்ணவில்லை. மணி பார்த்தான்.
என் கடையில் எந்தக் கடிகாரமும்
ஒரே நேரம் காட்டாது; நாலு என்றேன், ஓடினான்.

காசு சேர்ப்பவர்களின் முதல் விதி:
விரல் படக் கூடாது.
டப்பாவைத் திறந்து, கண்ணாடி மூடியைக் கழற்றி
வேர்த்த கட்டைவிரலை அந்த விளக்கின் மேல்
நன்றாக அழுத்தினேன்.
பிறகு ரப்பர் பேண்டு டிராயரில் போட்டேன்.
ரப்பர் வெள்ளியைக் கறுக்கும். தொழிலில் உள்ளவனுக்குத் தெரியும்.
விலை பாதியாகிவிடும். ஆகட்டும்.

ஒரு மாதம் கழித்து வார்டு ஆட்கள் வந்தார்கள்.
மேசைமேல் கை வைத்து நின்றான் ஒருவன்.
அன்று ராத்திரி உன் கதவைத் தட்டியது யார்?

அவன் இடுப்புக்கு நேரே, டிராயருக்குள்,
பதினொன்றில் நாலு மங்கியிருந்தது.

லே, என்றேன்.